சாலிஸ்பரி சமவெளியிலிருந்து ஆவடிக்கு

போர்ட் பிளேர்க் கடற்கரையோரமாகச் செல்லும்போது, கான்கிரீட்டால் கட்டப்பட்டுப் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் சிறு அறைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். கடலை நோக்கித் திறந்திருக்கும் குறுகிய பிளவுகளே அவற்றின் சாளரங்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் கட்டிய பதுங்கு அரண்கள் அவை. 1942 மார்ச்சு 23 அன்று இங்கே கால்வைத்த ஜப்பானியப் படை, 1945-இல் போர் முடியும்வரை இத்தீவுகளைத் தன் பிடியில் வைத்திருந்தது. அந்நாளில் தீவு மக்கள் பட்ட துன்பம் தனியே படிக்கவேண்டிய வரலாறு.

அப்படை இவ்வளவு தொலைவுக்கு, இவ்வளவு விரைவாக எவ்வாறு வந்தது? விடையின் பெரும்பகுதி கப்பல்களிலும் வானூர்திகளிலும் இருக்கிறது. அதிகம் பேசப்படாத மற்றொரு பகுதி, 1920களில் இங்கிலாந்தில் உருவான ஓர் இயந்திரத்தில் இருக்கிறது. அதற்கு நடுத்தர டாங்கி என்று பெயர். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அது எவ்வாறு வளர்ந்தது, யார் யார் கைக்குச் சென்றது, இறுதியில் நம் சென்னைக்கு அருகிலுள்ள ஆவடிக்கு எவ்வாறு வந்தது என்பதே இப்பாடம்.

பெயர் வந்த வழி

முதலில் சொல்லைப் பார்ப்போம். மொழிப்பாடத்தில் அதை விட்டுவிட்டுச் செல்வது முறையன்று.

1915-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரில், வேளாண் கருவிகள் செய்துவந்த ஒரு தொழிற்சாலையில், இரும்புக் கவசம் போர்த்த புதுவகை வண்டி ஒன்று மறைவாக உருவாகிக்கொண்டிருந்தது. வெளியே செய்தி கசிந்துவிடக் கூடாது. ஆகவே, அது பாலைநிலப் போர்முனைக்கு அனுப்பப்படும் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி வைத்தார்கள். தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'டாங்க்'. மறைப்பதற்காகச் சூட்டிய பெயரே வண்டிக்கு நிலைத்துவிட்டது.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் நம் நாட்டுக்கும் உறவு உண்டு. சென்னை மாகாணத்தை ஆண்ட ஆங்கிலேயர் நம் ஏரியையும் கோயில் குளத்தையும் 'டாங்க்' என்றே எழுதினார்கள். அச்சொல் குஜராத்தி மொழியிலிருந்து சென்றது என்பாரும், போர்த்துக்கேய மொழி வழியாகச் சென்றது என்பாரும் உளர். எவ்வாறாயினும், மதுராந்தகம் ஏரியும் போர்க்களத்து வண்டியும் ஆங்கிலத்தில் ஒரே பெயரைப் பெற்றன!

தமிழில் இதனைப் பீரங்கி வண்டி என்றும், கவச வண்டி என்றும், டாங்கி என்றும் எழுதுகிறார்கள். இலங்கைத் தமிழர் 'தாங்கி' என்பர். எனக்கு மிகவும் பிடித்த சொல் அதுவே. அயற்சொல்லின் ஒலியும் அதில் இருக்கிறது. கவசத்தையும் பீரங்கியையும் தாங்கிச் செல்வது என்னும் தமிழ்ப் பொருளும் பொருந்துகிறது. ஆயினும் தமிழ்நாட்டு நாளேடுகளில் நீங்கள் காணும் சொல் டாங்கி என்பதால், இப்பாடத்தில் அதனையே ஆள்கிறோம்.

மூன்று தேவைகள், ஓர் எடை

டாங்கியை வடிவமைப்பவர் முன்னே எப்போதும் மூன்று தேவைகள் நிற்கின்றன. எதிரியின் குண்டைத் தாங்கும் கவசம் வேண்டும். எதிரியை வீழ்த்தும் பீரங்கி வேண்டும். மேடு பள்ளங்களில் விரைந்து செல்லும் ஆற்றல் வேண்டும். மூன்றும் வேண்டும் என்று சொல்வது எளிது. கவசத்தைத் தடிப்பாக்கினால் எடை கூடுகிறது. எடை கூடினால் வேகம் குறைகிறது. வேகத்துக்காகப் பெரிய எஞ்சினை வைத்தால் அதை மூடுவதற்கு இன்னும் கவசம் வேண்டும். மீண்டும் எடை கூடுகிறது. பெரிய பீரங்கி வைத்தால், அதைத் தாங்கும் சுழல்மாடமும் பெரிதாக வேண்டும். சுழல்மாடம் என்பது டாங்கியின் உச்சியில் எல்லாத் திசைகளிலும் திரும்பக்கூடிய கவச அறை.

எடை மண்ணையும் பார்க்கவேண்டும். சேற்று வயலில் வெறுங்காலுடன் நடந்தால் கால் புதைகிறது. பரம்புப் பலகையின்மேல் ஏறி நின்றால் புதைவதில்லை. உங்கள் எடை மாறவில்லை. அது பரந்த இடத்தில் பகிரப்படுகிறது. டாங்கியின் இருபுறமும் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலிப்பட்டை இவ்வேலையைத்தான் செய்கிறது. தான் செல்லும் வழியில் தானே பலகை விரித்து, கடந்தபின் தானே சுருட்டிக்கொள்ளும் வண்டி என்று அதைச் சொல்லலாம். ஆயினும் பாலங்கள் இருக்கின்றன. தொடர்வண்டிப் பெட்டிகள் இருக்கின்றன. கப்பலில் பாரம் தூக்கும் கிரேன்கள் இருக்கின்றன. இவை தாங்கும் எடைக்கு எல்லை உண்டு.

கவசம் மிகுந்து மெல்ல நகர்வது கன டாங்கி. கவசம் குறைந்து விரைந்து ஓடுவது இலகு டாங்கி. மூன்று தேவைகளையும் ஓரளவு நிறைவேற்றி, ஒரே வண்டியால் பல வேலைகளைச் செய்ய முயல்வது நடுத்தர டாங்கி. நடுத்தரம் என்பதால் அது எளிதாகக் கிடைத்துவிடும் என்று எண்ணவேண்டா. எதைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்று முடிவெடுப்பதே அரிய வேலை. அந்த முடிவை எட்ட உலக நாடுகளுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

முதல் உலகப் போரின் வண்டிகள்

1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சு நாட்டின் சோம் போர்முனையில் டாங்கிகள் முதன்முதலாகக் களம் இறங்கின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 28 டன் எடை. உள்ளே எட்டுப் பேர். வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். மனிதன் சற்று விரைந்து நடந்தால் முந்திவிடலாம். எஞ்சின் ஆட்கள் நடுவிலேயே இருந்ததால், வெப்பமும் புகையும் அவர்களை வாட்டின.

1918-இல் 14 டன் எடையுள்ள வேறொரு டாங்கி வந்தது. அதன் வேகம் 13 கிலோமீட்டர். முந்தையதைவிடச் சிறியதாகையால் அதற்கு 'நடுத்தரம்' என்னும் வகைப்பெயர் இட்டனர். அதில் பேருந்துக்குரிய எஞ்சின்கள் இரண்டு இருந்தன. ஒன்று இடப்பக்கப் பட்டைக்கு, மற்றொன்று வலப்பக்கப் பட்டைக்கு. வண்டியைத் திருப்பவேண்டுமானால் ஓட்டுநர் ஓர் எஞ்சினை விரைவுபடுத்தி, மற்றதைத் தளர்த்தவேண்டும். இரண்டு முரட்டுக் காளைகளை ஒரே நுகத்தில் பூட்டி ஓட்டுவது போன்றது அது.

அதே ஆண்டு பிரான்சின் ரெனோ நிறுவனம் செய்த சிறு டாங்கியில்தான் பின்வந்த வடிவம் தெளிவாகத் தோன்றியது. ஓட்டுநர் முன்னே, எஞ்சின் பின்னே, நடுவில் சுற்றும் சுழல்மாடம். இன்றைய டாங்கிகளுள் பெரும்பாலானவை அந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றன.

விக்கர்ஸ் நடுத்தர டாங்கி

போர் முடிந்தது. எல்லா நாட்டுக் கருவூலங்களும் காலியாயின. இனி இப்படியொரு போர் வராது என்றே பலரும் நம்பினர். அச்சூழலில் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனம் 1923, 1924 ஆண்டுகளில் ஒரு நடுத்தர டாங்கியைச் செய்து படைக்கு வழங்கியது. எடை 12 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 90 குதிரைத்திறன் கொண்ட, காற்றால் குளிரும் எஞ்சின். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். 47 மில்லிமீட்டர் பீரங்கியும் சில இயந்திரத் துப்பாக்கிகளும் அதில் இருந்தன.

கவசமோ வெறும் 6 மில்லிமீட்டர் அளவுதான். நீங்கள் எழுதும் பென்சிலின் தடிப்புக்கும் சற்றுக் குறைவு! துப்பாக்கிக் குண்டை ஓரளவு தடுக்கும். பீரங்கிக் குண்டைத் தடுக்காது.

ஆயினும் அந்த டாங்கி வரலாற்றில் இடம் பெறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அதன் சக்கரங்கள் ஸ்பிரிங்குகளின்மேல் அமைந்திருந்தன. முதல் போர்க் காலத்து டாங்கிகளுள் பலவற்றில் ஸ்பிரிங்கே கிடையாது. கல்லின்மேல் ஏறினால் கல்லின் அதிர்ச்சி முழுவதும் உள்ளே இருப்பவரின் முதுகெலும்புக்குச் செல்லும். இரண்டாவது, அதன் சுழல்மாடத்தில் மூவர் இருந்தனர். ஒருவர் குண்டு நிரப்புவார், ஒருவர் குறிபார்த்துச் சுடுவார், மூன்றாமவர் தலைவர். சுடுவதிலும் நிரப்புவதிலும் கைவைக்காமல், சுற்றிலும் பார்த்துக் கட்டளையிடுவது மட்டுமே அவர் வேலை. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். பிரெஞ்சு டாங்கிகள் பலவற்றில் சுழல்மாடத்துள் ஒரே ஒருவர் அமர்ந்து, பார்த்து, நிரப்பி, சுட்டு, கட்டளையும் இட்டார். வண்டியை ஓட்டிக்கொண்டே நடத்துநர் வேலையும் பார்க்கும் பேருந்து ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள்.

இந்திய அரசுக்கெனப் பீரங்கியை நீக்கி, இயந்திரத் துப்பாக்கிகளை மட்டும் பொருத்திய மிகச் சில விக்கர்ஸ் டாங்கிகளும் அப்போது செய்யப்பட்டன. ஆனால் இந்தியப் படை அந்நாளில் பெரிதும் குதிரைகளையே நம்பியிருந்தது. சிந்த் ஹார்ஸ் போன்ற பழம்பெரும் குதிரைப்படைகள் குதிரைகளை விட்டு இயந்திர வண்டிக்கு மாறியது 1938-இல்தான்.

சமவெளியில் நடந்த சோதனை

இயந்திரம் செய்வது ஒன்று. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அறிவது வேறொன்று. 1927-இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் விக்கர்ஸ் டாங்கிகள், இயந்திரத் துப்பாக்கிப் படை, இழுத்துச் செல்லும் பீரங்கிகள், பொறியாளர் ஆகிய அனைவரையும் எஞ்சின் வண்டிகளில் ஏற்றி, ஒரே படையாக ஓட்டிப் பார்த்தார்கள். குதிரைகளுடனும் காலாட்களுடனும் வந்த எதிரணியை அப்படை எளிதில் திணறடித்தது. ஆனால் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு வேகத்தில் சென்றதால், சாலைகளில் வரிசை கலைந்தது. தலைவரின் கட்டளை கடைசி வண்டியைச் சென்றடையவில்லை. கொடியசைத்துக் கட்டளை தந்த காலம் அது. புழுதியில் கொடி எங்கே தெரியும்?

1931-இல் அதே சமவெளியில் வேறொரு சோதனை. இம்முறை டாங்கிகளில் கம்பியில்லாத் தொடர்புக் கருவிகள் இருந்தன. தலைவர் ஒருவர் பேச, ஏராளமான டாங்கிகள் ஒன்றாகத் திரும்பின. என் கருத்தில், இவ்விருபது ஆண்டுகளில் டாங்கிக்குக் கிடைத்த பெரிய வலிமை கவசமோ பீரங்கியோ அன்று, இக்கருவிதான். செவியும் வாயும் கிடைத்த பின்னரே டாங்கிகள் ஒரு படையாயின.

இவ்வளவையும் கண்டுபிடித்த இங்கிலாந்து, கண்டுபிடித்ததைக் கைவிட்டது. 16 டன் எடையில் சிறந்த நடுத்தர டாங்கி ஒன்றை விக்கர்ஸ் செய்து காட்டியது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில், அதன் விலையைக் கண்டு அரசு பின்வாங்கிவிட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே அவை செய்யப்பட்டன. பின்னர், காலாட்படையுடன் மெல்லச் செல்ல ஒரு கன வகை, குதிரைப்படை போல் ஓட ஒரு மெல்லிய வகை என டாங்கிகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டனர். நடுத்தரம் நடுவில் விழுந்துபோனது.

விற்ற பொருளும் வாங்கியவரும்

தன் அரசு போதிய அளவில் வாங்காதபோது நிறுவனம் என்ன செய்யும்? வெளிநாடுகளுக்கு விற்கும். விக்கர்ஸ் விற்றது. 1927-இல் விக்கர்ஸ் நடுத்தர டாங்கி ஒன்று ஜப்பான் சென்று சேர்ந்தது. ஜப்பானியர் அதை ஓட்டிப் பார்த்தனர்; கழற்றிப் பார்த்தனர். சோதனையின்போது அதன் பெட்ரோல் தீப்பற்றிக்கொண்டது. அந்த நிகழ்ச்சியையும் அவர்கள் பாடமாக எடுத்துக்கொண்டனர்.

அவர்கள் செய்த முதல் நடுத்தர டாங்கிக்கு 'வகை 89' என்று பெயர். இந்த எண் எங்கிருந்து வந்தது? ஜப்பானியர் தம் முதல் பேரரசர் அரியணை ஏறியதாகக் கருதும் ஆண்டிலிருந்து ஆண்டுகளைக் கணக்கிட்டனர். அக்கணக்கு நம் பொது ஆண்டைவிட 660 கூடுதல். 1929 உடன் 660-ஐக் கூட்டுங்கள், 2589 வரும். அதன் கடைசி இரண்டு இலக்கங்களே 89. நம் திருவள்ளுவர் ஆண்டும் இவ்வாறு 31-ஐக் கூட்டிக் கணக்கிடப்படுவதை நீங்கள் அறிவீர்கள்.

வகை 89-இன் எடை ஏறத்தாழ 12 டன். 57 மில்லிமீட்டர் பீரங்கி. 17 மில்லிமீட்டர் கவசம். தொடக்கத்தில் பெட்ரோலில் ஓடியது. பின்னர் வந்தவற்றில் காற்றால் குளிரும் டீசல் எஞ்சின் வைத்தனர். டீசல், பெட்ரோல் போல் எளிதில் தீப்பற்றாது. ஒரே அளவு எரிபொருளில் வண்டி அதிகத் தொலைவும் செல்லும். தண்ணீர் தேவையில்லாததால் மஞ்சூரியாவின் கடுங்குளிரில் உறைந்துபோகும் தொல்லையும் இல்லை. இங்கிலாந்திடமிருந்து கற்றவர், இந்த ஒன்றில் இங்கிலாந்தை முந்திச் சென்றனர்.

அடுத்து வந்தது 'வகை 97'. (எந்த ஆண்டு என்று நீங்களே கணக்கிடுங்கள்.) எடை ஏறத்தாழ 15 டன், 170 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், மணிக்கு 38 கிலோமீட்டர் வேகம், உள்ளே நால்வர். கவசம் மிகுதியான இடத்தில் 25 மில்லிமீட்டர். ஐரோப்பிய டாங்கிகளுடன் ஒப்பிட்டால் இது மெலிந்த உடல்தான். ஆனால் ஜப்பான் தன் டாங்கிகளைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து அனுப்பவேண்டிய தீவு நாடு. தன் தேவையைத் தன் கிரேனுக்கும் பாலத்துக்கும் ஏற்ப அளந்துகொண்டது.

மற்ற நாடுகளை விரைவாகப் பார்த்துவிடுவோம். முதல் போரில் தோற்ற ஜெர்மனி டாங்கி வைத்திருக்கக் கூடாது என்பது 1919-ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை. ஜெர்மானியர் தாம் செய்த டாங்கிகளுக்கு 'டிராக்டர்' என்று பெயரிட்டு, சோவியத் நாட்டின் காசான் நகருக்கு அருகே 1929 முதல் 1933 வரை மறைவாகப் பயிற்சி பெற்றனர். பின்னர் அவர்கள் செய்த நடுத்தர டாங்கியில் சுழல்மாடத்துள் மூவர். எல்லா டாங்கியிலும் கம்பியில்லாத் தொடர்புக் கருவி. சாலிஸ்பரியில் கிடைத்த இரண்டு பாடங்களையும் அவர்கள் விட்டுவிடவில்லை.

சோவியத் நாடு விக்கர்ஸ் நிறுவனத்திடமிருந்து ஆறு டன் டாங்கியையும், அமெரிக்கப் பொறியாளர் வால்டர் கிறிஸ்டியிடமிருந்து மிக விரைவாக ஓடும் டாங்கியையும் வாங்கியது. கிறிஸ்டியின் சொந்த நாடு அவரிடமிருந்து மிகச் சிலவற்றையே வாங்கியது. அவ்வழியில் வளர்ந்து 1940-இல் வெளிவந்ததே புகழ்பெற்ற டி-34. கார்கிவ் தொழிற்சாலையில் அதை வடிவமைத்த குழுவின் தலைவர் மிகயீல் கோஷ்கின். 26 டன் எடைக்குள் 500 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், 76 மில்லிமீட்டர் பீரங்கி, 45 மில்லிமீட்டர் கவசம் ஆகியவற்றை அக்குழு அடக்கிக் காட்டியது. கவசத்தைச் சாய்த்து வைத்ததுதான் சூட்சுமம். வாழைக்காயை நேராக நறுக்கினால் சிறிய வட்டம் கிடைக்கும். சாய்த்து நறுக்கினால் நீண்ட வில்லை கிடைக்கும். கத்தி கடக்கும் தொலைவு கூடுகிறது அல்லவா? அதுபோல, செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்த 45 மில்லிமீட்டர்த் தகட்டைக் கிடைமட்டமாக வரும் குண்டு துளைக்கவேண்டுமானால், 90 மில்லிமீட்டர் இரும்பைக் கடக்கவேண்டும். கூடுதல் எடையின்றிக் கூடுதல் கவசம் கிடைத்தது போலாயிற்று. ஆனால் உள்ளே இடம் குறுகியது. தொடக்ககால டி-34-இன் சுழல்மாடத்தில் இருவருக்கே இடம்.

சிலிம் ஆறு

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் மலேயாவில் இறங்கினர். 200-க்கும் மேற்பட்ட டாங்கிகள் அவர்களுடன் வந்தன. மலேயாவைக் காத்து நின்ற பிரித்தானியப் படையிடம் ஒரு டாங்கியும் இல்லை. காடும் சதுப்பும் நிறைந்த நாட்டில் டாங்கிகள் ஓடா என்று எண்ணினார்கள். கையிலிருந்தவற்றை வேறு போர்முனைகளுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நம் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் புரிந்துகொள்வீர்கள். ரப்பர்த் தோட்டம் காடு அன்று. மரங்கள் வரிசையாக, இடைவெளி விட்டு நிற்கும். மலேயாவில் அத்தகைய தோட்டங்கள் மிகுதி. அவற்றை உருவாக்கியவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். தோட்டங்களுக்கு நடுவே வடக்கிலிருந்து தெற்காக நல்ல தார்ச்சாலை ஓடியது. காட்டில் ஓடவேண்டிய தேவையே டாங்கிக்கு இல்லை. அந்தச் சாலை போதும்.

அச்சாலையைச் சிலிம் ஆற்றுக்கு அருகே காத்து நின்றது 11-ஆம் இந்திய டிவிசன். பஞ்சாபியர், கூர்க்கர் முதலிய வீரர்கள் வாரக்கணக்கில் பின்வாங்கிப் பின்வாங்கிக் களைத்திருந்தனர். அவர்களுள் பலர் வாழ்நாளில் அதுவரை டாங்கியைப் பார்த்ததே இல்லை. 1942 சனவரி 7 அன்று, பொழுது விடியுமுன், வகை 97 நடுத்தர டாங்கிகள் முன்செல்ல ஜப்பானியர் சாலை வழியே பாய்ந்தனர். தடைகளை உடைத்துக்கொண்டு, சாலையோரம் இருந்த படைகளைத் திகைக்க வைத்து, தகர்ப்பதற்கு முன்பே சிலிம் ஆற்றுப் பாலத்தைக் கைப்பற்றினர். அன்று ஒரு காலைப்பொழுதில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் ஆழத்துக்கு ஊடுருவிவிட்டனர். இரண்டு இந்தியப் பிரிகேடுகள் சிதறுண்டன. இறந்தவரும் சிறைப்பட்டவரும் மிகப் பலர்.

நான்கு நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 8 அன்று இரங்கூன். அந்தமானில் இருந்த சிறு காவற்படை அதன்பின் விலக்கிக்கொள்ளப்பட்டது. மார்ச்சு 23 அன்று ஜப்பானியர் எதிர்ப்பின்றிப் போர்ட் பிளேரில் இறங்கினர்.

சிலிம் ஆற்றுப் போரை டாங்கி மட்டுமே வென்றது என்று சொல்லமுடியாது. காவலர்களிடம் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் இருந்தன. அவற்றை வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. ஆயினும், 25 மில்லிமீட்டர் கவசம் மட்டுமே கொண்ட வண்டியின்முன் ஒரு டிவிசன் கலைந்ததென்றால், அதற்குக் காரணம் வண்டியின் வலிமை மட்டுமன்று. எதிரில் வேறு வண்டி இல்லாததும் காரணமே.

இரண்டு ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1944 ஏப்ரல் 13 அன்று மணிப்பூரில், இம்பாலுக்கு அருகேயுள்ள நுன்ஷிகும் என்னும் செங்குத்தான குன்றின்மேல், டோக்ரா காலாட்படையுடன் சேர்ந்து அமெரிக்க நடுத்தர டாங்கிகள் ஏறின. குன்றில் டாங்கி ஏறும் என்று உச்சியிலிருந்த ஜப்பானியர் எதிர்பார்க்கவில்லை. இம்முறை காட்டையும் மலையையும் நம்பி ஏமாந்தவர் அவர்கள். அந்த அமெரிக்க டாங்கியின் எடை ஏறத்தாழ 27 டன். பெரிய 75 மில்லிமீட்டர் பீரங்கி சுழல்மாடத்தில் இல்லாமல் உடலின் ஒரு பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய பீரங்கியைத் தாங்கும் சுழல்மாடத்தைச் செய்ய அமெரிக்கத் தொழிற்சாலைகள் அப்போது ஆயத்தமாகவில்லை. ஆனால் டாங்கி உடனே வேண்டும். அழகற்ற வண்டிதான். ஆயினும் வேண்டிய நேரத்தில் வந்து சேர்ந்தது.

ஆவடி

ஆவடி என்னும் பெயர் படைவண்டிக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது என்று பலர் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். நான் அதை ஏற்பதில்லை. இருந்த தமிழ்ப் பெயருக்கு ஏற்பப் பின்னர் யாரோ ஆங்கிலத் தொடரைக் கோத்தனர் என்றே தோன்றுகிறது.

விடுதலை பெற்ற இந்தியா தனக்கென டாங்கி செய்ய முடிவெடுத்து, 1961-இல் உடன்பாடு செய்துகொண்டது பழைய விக்கர்ஸ் நிறுவனத்துடன்தான்! ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. 1965 டிசம்பரில் முதல் டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. அதற்கு 'விஜயந்தா' என்று பெயர். எடை 39 டன் அளவு. 105 மில்லிமீட்டர் பீரங்கி.

விக்கர்ஸ் பொறியாளர் முன்னே அன்றும் அதே மூன்று தேவைகள் நின்றன. பீரங்கியில் குறைவைக்கக் கூடாது, வேகம் வேண்டும், இந்தியாவின் பாலங்கள் தாங்கவேண்டும், விலையும் எட்டவேண்டும். ஆகவே கவசத்தைக் குறைத்தனர். ஆவடித் தொழிலாளர் கைப்பழகியது அந்த டாங்கியில்தான். பின்னர் அங்கே 'அஜேயா' டாங்கியும் 'பீஷ்மா' டாங்கியும் செய்யப்பட்டன. அவை சோவியத், உருசிய வடிவங்கள். 'அர்ஜுன்' டாங்கியை வடிவமைத்தது ஆவடியிலேயே உள்ள போர் ஊர்தி ஆய்வு நிறுவனம். அதன் எடை 58 டன்னைக் கடந்தது. கவசம் மிகச் சிறந்தது என்பர். அந்த எடையை எல்லைப்புறப் பாலங்கள் தாங்குமா என்ற விவாதமும் கூடவே வந்தது.

2024-இல் அதே ஆய்வு நிறுவனமும் எல் அண்டு டி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'சோராவர்' டாங்கி சோதனைக்கு வந்தது. லடாக்கின் உயர்ந்த மலைகளுக்கென அளந்து செய்யப்பட்ட அதன் எடை 25 டன்.

அருஞ்சொற்பொருள்

சுழல்மாடம் – எல்லாத் திசைகளிலும் திரும்பும் கவச அறை
பரம்புப் பலகை – உழுத வயலைச் சமப்படுத்தும் பலகை
நுகம் – மாடுகளைப் பூட்டும் கழுத்துத் தடி
கருவூலம் – அரசின் பணச்சேமிப்பு

எண்ணி எழுதுக

1. வகை 97 டாங்கியின் பெயரில் உள்ள எண் எந்த ஆண்டைக் குறிக்கிறது? கணக்கிட்டுக் காட்டுக.
2. சுழல்மாடத்தில் ஒருவர் மட்டும் இருப்பதற்கும் மூவர் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உம் சொற்களில் எழுதுக.
3. மலேயாவில் டாங்கிகள் ஓடா என்று எண்ணியது ஏன் தவறாயிற்று? ரப்பர்த் தோட்டத்தை விளக்கி விடை எழுதுக.
4. 'டாங்கி', 'தாங்கி', 'பீரங்கி வண்டி' – இம்மூன்றனுள் நீர் தேர்ந்தெடுக்கும் சொல் எது? காரணம் கூறுக.
5. உம் வீட்டுப் பெரியவர்களிடம், தீவில் ஜப்பானியர் இருந்த காலத்தைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.